புரொப்பல்லர் ஷாஃப்ட் புஷ்: ரப்பரா, கன்மெட்டலா, பிளாஸ்டிக்கா? செலவு எங்கே ஒளிந்திருக்கிறது

மே கடைசி வாரம் வந்துவிட்டால் எங்கள் குமரி மேற்குக் கரையில் படகு வைத்திருக்கிற எல்லாருக்கும் ஒரே யோசனைதான். ஜூன் 1-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும், படகு கரையேறும், அப்போதே ஷாஃப்ட் புஷ்ஷை, அதாவது புரொப்பல்லர் தண்டைத் தாங்கிச் சுழல விடுகிற குழாய் மாதிரியான பேரிங்கை, மாற்றிவிடலாமா, மாற்றினால் எதைப் போடலாம். நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரை எட்டு ஊர்க்காரர்களில் நிறையப் பேர் தொழில் செய்வது கொச்சி தோப்பும்படியிலும் முனம்பத்திலும் என்பதால் கூடவே இன்னொரு கேள்வியும் ஒட்டிக்கொள்கிறது: அங்கேயே யார்டில் விட்டுப் பார்ப்பதா, ஊர்ப்பக்கம் கொண்டுவந்து தெரிந்த லேத்தில் பார்ப்பதா?

இந்த மாதம் மட்டும் மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். மூவரும் கேட்டது ஏறக்குறைய ஒரே வாசகம்: "அண்ணே, ரப்பர் பேரிங்குக்கு இவ்வளவு சொல்லுறான், கன்மெட்டல் புஷ் அதுல பாதி விலைகூட இல்ல, எதைப் போட?" பொருளின் விலையைத்தான் எல்லாரும் முதலில் பார்க்கிறோம், நானும் அப்படித்தான் பார்த்தேன். அண்ணன்மாரோடு சேர்ந்து ஒரு தங்கல் படகு (பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிப்பது) நடத்துகிறேன், இந்த மூன்று வகையும் எங்கள் ஷாஃப்டில் ஓடியிருக்கின்றன. அதிலிருந்து நான் சொல்லக்கூடியது, இந்த வேலையின் பில்லில் பேரிங் மிகச் சின்ன வரி. கரையேற்றும் கூலி, ஷாஃப்ட், கடலுக்குப் போகாமல் நிற்கிற நாட்கள், இவைதான் பெரிய வரிகள். எந்த புஷ் இந்த மூன்றையும் குறைக்கிறதோ அதுதான் மலிவான புஷ்.

முதலில், புஷ்தான் போயிருக்கிறதா?

ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் பின்பக்கம் அதிர்கிறது, கியர் போடும்போது 'டக்' என்று ஒரு தட்டு கேட்கிறது, கிளாண்ட் பேக்கிங்கை (ஷாஃப்ட் வழியே படகுக்குள் தண்ணீர் வராமல் அடைக்கிற திணிப்பை) எத்தனை முறை இறுக்கினாலும் இரண்டு நாளில் மறுபடி தண்ணீர் வருகிறது. இதெல்லாம் புஷ் தேய்ந்ததன் அடையாளம்தான், ஆனால் வளைந்த ஷாஃப்டும், ஒரு இதழ் நெளிந்த புரொப்பல்லரும், உட்கார்ந்துபோன எஞ்சின் மவுண்டும் (எஞ்சினைத் தாங்குகிற தாங்கியும்) இதே அடையாளத்தைத்தான் காட்டும். படகு கரையேறியதும் புரொப்பல்லரைப் பிடித்து மேலும் கீழுமாகத் தூக்கிப் பாருங்கள், அப்புறம் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். கையால் மதிப்பிடாமல் ஃபீலர் கேஜ் (இடுக்கை அளக்கிற மெல்லிய தகடு) விட்டு இடைவெளியை அளந்து எழுதி வையுங்கள். 2 அங்குல ஷாஃப்டில் 2 மி.மீ. தாண்டினால் நான் மாற்றிவிடுவேன். 3 மி.மீ. தொட்டுவிட்டால் அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை.

தேய்மானம் எந்த இடத்தில் என்பது அளவைவிட முக்கியம். கீழ்ப்பக்கம் நீளம் முழுக்க ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் அது இயல்பான தேய்மானம், ஷாஃப்டும் புரொப்பல்லரும் அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருக்கின்றன. முன்முனையில் மேலேயும் பின்முனையில் கீழேயும் தேய்ந்திருந்தால், இல்லை ஒரே பக்கவாட்டில் தின்றிருந்தால், எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே கோட்டில் இல்லை என்று அர்த்தம். அந்த நிலையில் தங்கத்தில் புஷ் கடைந்து போட்டாலும் ஒரு சீசனில் போய்விடும். எங்களுக்கு இதைச் சொல்லித் தந்தவர் கொல்லம் பக்கத்து மெக்கானிக் சேட்டன் ஒருவர். இரண்டு வருடத்தில் மூன்றாவது புஷ்ஷோடு போய் நின்றபோது அவர் புஷ்ஷைக் கையில்கூட வாங்கவில்லை. "புஷ்ஷை மாத்தியிட்டு மட்டும் என்ன காரியம்? எஞ்சின் எங்க இருக்குன்னு முதல்ல நோக்கு" என்றார். நோக்கியபோது இடப்பக்க மவுண்ட் இரண்டும் அமுங்கிக் கிடந்தன.

எதை வைத்து ஒப்பிடுவது

நான் பார்க்கிற விஷயங்கள் ஐந்து. ஷாஃப்டை அது என்ன செய்யும் என்பது முதலாவது, ஏனென்றால் புஷ் தேய்வதற்காகவே செய்தது, ஷாஃப்ட் அப்படி இல்லை. இரண்டாவது, நாம் ஓடுகிற தண்ணீர். தேங்காப்பட்டணம் பொழிமுகத்தில் (ஆறு கடலில் சேருகிற வாயில்) மணல் அடைவது எல்லாருக்கும் தெரியும், கொச்சிக் காயலில் சேறும் பிளாஸ்டிக்கும், நடுக்கடலிலோ தெளிந்த தண்ணீர். ஒரே புஷ் மூன்றிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. மூன்றாவது, அடுத்த தடைக்காலம் வரை தாங்குமா. நான்காவது, நடுவில் போனால் அதே துறைமுகத்தில் ஒரே நாளில் இன்னொன்று கிடைக்குமா. விலை கடைசி, அதுவும் தனி விலையாக இல்லாமல், மாற்றுகிற வேலையோடு சேர்த்த விலை.

ரப்பர் பேரிங்

வெளியே பித்தளைக் குழாய், உள்ளே நைட்ரைல் ரப்பர், ரப்பரில் நீளவாக்கில் பள்ளங்கள். கடல்தண்ணீரே இதற்கு எண்ணெய். ஷாஃப்ட் சுற்றும்போது ரப்பருக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு மெல்லிய தண்ணீர்ப் படலம் உருவாகி ஷாஃப்ட் அதன்மேல் மிதக்கும். மணல் துகள் வந்தால் ரப்பர் சற்று அமுங்கிக் கொடுத்து அதைப் பள்ளத்துக்கு உருட்டிவிடும், பள்ளத்தில் ஓடுகிற தண்ணீர் வெளியே கொண்டுபோய்விடும். 1920-களில் கலிபோர்னியாவில் ஒரு சுரங்கத்தில், மணல் கலந்த தண்ணீரை இறைக்கும் பம்பில் உலோக பேரிங்குகள் திரும்பத் திரும்பத் தேய்ந்துபோக, ரப்பர் ஹோஸ் துண்டைச் செருகிப் பார்த்ததிலிருந்து வந்தது இந்த யோசனை. மணலுக்காகவே பிறந்த பேரிங் என்று சொல்லலாம், அதனால்தான் பொழி வழியாகத் தினமும் போய்வருகிற படகுக்கு இதை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

ஷாஃப்டைக் கெடுக்காது என்பது இதன் பெரிய பலம். நீளம் பொதுவாக ஷாஃப்ட் விட்டத்தைப் போல நான்கு மடங்கு, அதாவது 2 அங்குல ஷாஃப்டுக்கு 8 அங்குலம், பாரம் அவ்வளவு நீளத்துக்கும் பரவிவிடுகிறது. அதிர்வையும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும்.

இனி மறைந்திருக்கிற செலவுக்கு வருகிறேன். இது அளவு மாறாத பொருள், கடையில் வருகிற உள்விட்டமும் வெளிவிட்டமும்தான். உங்கள் ஷாஃப்ட் முன்பு ஒருமுறை கீறல் விழுந்து லேத்தில் கொஞ்சம் கடைந்து எடுத்தது என்றால், 50.8 மி.மீ. இருக்க வேண்டியது 49.5 ஆகியிருக்கும், அதில் புது ரப்பர் பேரிங் போட்டால் முதல் நாளே தேய்ந்த பேரிங் மாதிரி ஆடும். அதே போல ஸ்டெர்ன் டியூபை (புஷ் உட்காருகிற, படகின் பின்புறக் குழாயை) முந்தைய உரிமையாளர் ஏதோ ஒரு லோக்கல் புஷ்ஷுக்காகக் குடைந்து பெரிதாக்கியிருந்தால் வெளிவிட்டம் பொருந்தாது, நடுவில் ஒரு ஸ்லீவ் கடைந்து போட வேண்டும். பழைய படகு வாங்கியவர்கள் இந்த இரண்டு அளவையும் வெர்னியர் வைத்துப் பார்க்காமல் பேரிங் வாங்காதீர்கள். ஷாஃப்டை வெளியே எடுத்த பிறகுதான் இது தெரிந்தது என்றால் சரியான பேரிங் வரும்வரை படகு கரையில் நிற்கும், ஒவ்வொரு நாளும் காசு.

இன்னொன்று, தண்ணீர் இல்லாமல் இது ஒரு நிமிடம்கூட ஓடக்கூடாது. கரையில் வைத்து 'சும்மா கியர் போட்டுப் பார்ப்போம்' என்று யாராவது ஆசைப்பட்டால் புது ரப்பர் கருகிவிடும். ஸ்டெர்ன் டியூபுக்குள் தண்ணீர் போகிற ஓட்டைகளைப் பெயின்ட் அடிக்கிறவர்கள் அடைத்துவிடுவதும் சிப்பி பிடித்து அடைவதும் நிறைய நடக்கிறது, படகை இறக்குவதற்கு முன்னால் நீங்களே கம்பி விட்டுப் பாருங்கள். வலைக்கயிறு சுற்றினாலும் இதற்கு ஆபத்து: நைலான் நரம்பு பேரிங் வாயில் போய்ச் சுருண்டு, சூட்டில் உருகி, பள்ளத்தை அடைத்துவிடும்.

கன்மெட்டல் புஷ்

நம் அப்பாக்கள் காலத்திலிருந்து போடுகிறது. 88 பங்கு செம்பு, 10 பங்கு வெள்ளீயம், 2 பங்கு துத்தநாகம் என்பது பழைய கணக்கு. உருக்கி வார்த்து, லேத்தில் கடைந்து, உள்ளே எண்ணெய்ப் பள்ளம் வெட்டி, கிரீஸ் கப் வைத்து ஓட்டுவார்கள். இதன் உண்மையான மதிப்பு ஒன்றே ஒன்றில்தான் இருக்கிறது: எந்த ஷாஃப்ட் அளவுக்கும், எந்த டியூப் அளவுக்கும், குளச்சலோ நீண்டகரையோ எங்கே இருந்தாலும், வார்த்த கட்டி கையிருப்பில் இருந்தால் ஒரே நாளில் கடைந்து வாங்கிவிடலாம். ஷாஃப்ட் 49.5 ஆகிவிட்டதா, அதற்கேற்ற புஷ். டியூப் பெரிதாகிவிட்டதா, அதற்கும் ஏற்ற புஷ். சீசன் நடுவில் படகு நின்றுவிட்டால் இந்த ஒரு குணம் மற்ற எல்லாக் குறையையும் மறக்க வைக்கும். கழற்றிய பழைய புஷ்ஷை எடைக்குப் போட்டால் கொஞ்சம் காசும் திரும்பி வரும், அதைக் கேட்டு வாங்குங்கள், பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்.

குறை என்ன என்றால் மணல். உலோகத்துக்கு அமுங்கிக் கொடுக்கிற குணம் கிடையாது, மணல் துகள் கன்மெட்டலில் போய்ப் பதிந்துகொள்ளும், பதிந்த துகள் உப்புத்தாள் மாதிரி ஷாஃப்டை அறுக்கும். கழற்றிப் பார்த்தால் புஷ் பளபளப்பாக இருக்கும், ஷாஃப்டில் வளையம் வளையமாகக் கோடு விழுந்திருக்கும். மலிவு புஷ் விலையுயர்ந்த ஷாஃப்டைத் தின்கிற கதை இதுதான். கிரீஸ் விடுவதை ஒரு தங்கலில் ஒருவர் மறந்தால்கூட இது வேகமாக நடக்கும், இருபது நாள் கடலில் கிடக்கிறபோது வலையும் மீனும் ஐஸும் கவனத்தை இழுக்கும், கிரீஸ் கப்பைத் திருகுவது யார் பொறுப்பு என்று முன்பே ஒருவரைச் சொல்லி வைக்க வேண்டும். ஸ்ராங்கு (படகை நடத்துகிறவர்) பார்ப்பார் என்று எஞ்சின் டிரைவரும், டிரைவர் பார்ப்பார் என்று ஸ்ராங்கும் இருந்துவிடக் கூடாது.

கன்மெட்டல் என்று சொல்லிச் சாதாரணப் பித்தளை தந்துவிடுகிறவர்களும் உண்டு. பித்தளையில் துத்தநாகம் அதிகம், கடல்தண்ணீர் அந்தத் துத்தநாகத்தை மட்டும் அரித்து எடுத்துவிட்டால் மிச்சம் செம்பு நிறத்தில் பஞ்சு மாதிரி நிற்கும், சுத்தியலால் தட்டினால் உதிரும். தெரிந்த வார்ப்புக்காரரிடம் வாங்குவது தவிர இதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

பிளாஸ்டிக் வகைகள்

'பிளாஸ்டிக் புஷ்' என்று ஒரே பெயரில் சொல்லுகிறோம், ஆனால் இதில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பொருட்கள் இருக்கின்றன. கனடாவின் தார்டன், தென்னாப்பிரிக்காவின் வெஸ்கோனைட் போன்றவை கப்பல் பேரிங்குக்கென்றே செய்தவை. லேத்தில் எந்த அளவுக்கும் கடையலாம், தண்ணீரே போதும், கிரீஸ் வேண்டாம். அதாவது ரப்பரின் சுத்தமும் கன்மெட்டலின் 'எந்த அளவுக்கும் கிடைக்கும்' என்கிற வசதியும் சேர்ந்தது. ஷாஃப்ட் கடைந்து அளவு குறைந்துபோன படகுக்கு, காசு இருந்தால், என் முதல் பரிந்துரை இதுதான்.

சாதாரண நைலான் தடி வேறு. அது தண்ணீரைக் குடிக்கும், குடித்தால் வீங்கும். எங்கள் படகிலேயே நடந்தது. ஒரு பட்டறையில் "இதுவும் அதே சரக்குதான், விலை கால்வாசி" என்றார்கள், நாங்களும் சம்மதித்தோம், புஷ் கச்சிதமாக உட்கார்ந்தது, கையால் சுற்றினால் வெண்ணெய் மாதிரி ஓடியது. படகை இறக்கி எட்டாம் நாள் ஷாஃப்ட் இறுகத் தொடங்கியது, எஞ்சின் திணறியது, கரையிலிருந்து ஒன்றரை நாள் தூரத்தில் இருந்தோம். மெல்ல மெல்ல ஓட்டித் திரும்பி வந்து மறுபடி கரையேற்றி, அந்தத் தங்கலின் டீசலும் ஐஸும் போனது போனதுதான். புஷ்ஷில் மிச்சம் பிடித்த காசை இன்றுவரை அண்ணன் சொல்லிக்காட்டுவார். பட்டறையை மட்டும் குறை சொல்ல மாட்டேன், தடி என்ன பொருள் என்று நாங்கள் கேட்கவில்லை.

நல்ல பொருளாக இருந்தாலும் கடைகிறவருக்கு அதன் இடைவெளிக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் சூட்டில் விரியும், சூட்டைக் கடத்தாது, டியூபுக்குள் அடித்து இறுக்கும்போது உள்விட்டமும் சுருங்கும். கன்மெட்டலுக்கு விடுகிற இடைவெளியையே இதற்கும் விட்டால் பிடித்துக்கொள்ளும். பொருளோடு வருகிற அளவு அட்டவணையைக் கேட்டு வாங்கி லேத்காரரிடம் கொடுங்கள், "எனக்குத் தெரியும்" என்று அதை வாங்காமல் கடைகிறவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

வெள்ளை மெட்டல் போட்டு எண்ணெயில் ஓட்டுகிற முறை பெரிய கப்பலுக்கு உரியது, அதற்கு இரண்டு பக்கமும் சீல் வேண்டும், நம் அளவுப் படகுக்குக் கணக்கு ஒத்துவராது.

ஒரே பார்வையில்

| | ரப்பர் | கன்மெட்டல் | நல்ல பிளாஸ்டிக் |
|---|---|---|---|
| ஷாஃப்டுக்கு | பாதுகாப்பு | மணல் இருந்தால் அறுக்கும் | பாதுகாப்பு |
| மணல் தண்ணீர் | மிக நல்லது | மோசம் | பரவாயில்லை முதல் நல்லது வரை, பொருளைப் பொறுத்து |
| எண்ணெய், கிரீஸ் | வேண்டாம் | கட்டாயம் | வேண்டாம் |
| அளவு மாறிய ஷாஃப்ட் | பொருந்தாது | பொருந்தும் | பொருந்தும் |
| சீசன் நடுவில் கிடைப்பது | அளவு இருந்தால் | ஒரே நாள் | தடி இருப்பில் இருந்தால் |
| பொருள் விலை | நடு | குறைவு | அதிகம் |
| எது கெடுக்கும் | தண்ணீர் இல்லாத ஓட்டம், நரம்பு | கிரீஸ் மறதி, போலி உலோகம் | தவறான இடைவெளி |

பில்லில் எழுதாத வரிகள்

புஷ் மாற்ற ஷாஃப்ட் வெளியே வர வேண்டும். ஷாஃப்ட் வெளியே வரப் புரொப்பல்லர் கழல வேண்டும், உள்ளே கப்ளிங் (ஷாஃப்டை கியர்பாக்ஸோடு சேர்க்கிற இணைப்பு) கழல வேண்டும், பல படகுகளில் சுக்கானும் கழல வேண்டும், ஏனென்றால் சுக்கான் நேர் பின்னால் நிற்கிறது. கப்ளிங் பல வருடம் கழற்றாமல் துருப்பிடித்திருந்தால் அதற்கே ஒரு நாள் போகும், சில சமயம் அறுத்தே எடுக்க வேண்டி வரும், அப்போது புதுக் கப்ளிங் விலையும் சேரும். பழைய புஷ்ஷைத் திருகாணி போட்டுப் புல்லரால் இழுக்கலாம், வராவிட்டால் ஹேக்ஸா பிளேடை உள்ளே விட்டு நீளவாக்கில் அறுத்துச் சுருக்கி எடுப்பார்கள். அப்படி அறுக்கிறபோது பக்கத்திலேயே நில்லுங்கள், அவசரத்தில் பிளேடு டியூபையும் சேர்த்துக் கீறிவிட்டால் பிறகு எந்தப் புஷ்ஷும் அதில் சரியாக உட்காராது.

ஷாஃப்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோடு விழுந்த ஷாஃப்டை மூன்று விதமாகச் சரிசெய்வார்கள்: கடைந்து மெலிதாக்குவது, வெல்டிங் வைத்து நிரப்பிக் கடைவது, ஸ்லீவ் போடுவது. கடைந்தால் அளவு மாறும், ரப்பர் பேரிங்கின் கதவு மூடிவிடும் என்று மேலே சொன்னேன். வெல்டிங் சூட்டில் ஷாஃப்ட் வளையும், நிமிர்த்தத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுக்கலாம், எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ஷாஃப்டாக இருந்தால் வெல்டிங் வைத்த ஓரத்தில் பிறகு விரிசல் விடுகிற பயமும் இருக்கிறது. எஸ்.எஸ்.ஸுக்கு இன்னொரு நோயும் உண்டு: படகு மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் புஷ்ஷுக்குள் தேங்கிய தண்ணீரில் பிராணவாயு தீர்ந்து, அந்த இடத்தில் மட்டும் குழி குழியாக அரிக்கும். வெளியே கண்ணாடி மாதிரி இருக்கிற ஷாஃப்ட் உள்ளே அம்மைத் தழும்போடு வருவது அதனால்தான்.

சரி, கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். இதில் வருவது என் கற்பனை எண்கள், உங்கள் துறைமுகத்து விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். கன்மெட்டல் புஷ் 6,000, ஒரு வருடம் தாங்கும். ரப்பர் 15,000, மூன்று வருடம் தாங்கும். கழற்றி மாட்டும் கூலி 10,000, கரையேற்றி இறக்க 30,000. சீசன் நடுவில் மாற்ற வேண்டி வந்தால் ஒவ்வொரு முறையும் முழுக் கூலியும் சேரும், ஆக மூன்று வருடத்தில் கன்மெட்டலுக்கு 1,38,000, ரப்பருக்கு 55,000. தடைக்காலத்தில் மாற்றினாலோ, படகு பெயின்டுக்காக எப்படியும் கரையேறுகிறது, அந்த 30,000-ஐப் புஷ்ஷின் தலையில் கட்டத் தேவையில்லை. அப்போது 48,000-க்கு எதிராக 25,000. வித்தியாசம் 83,000-இலிருந்து 23,000-ஆக இறங்கிவிட்டது. எந்தப் புஷ் என்பதைவிட எப்போது மாற்றுகிறோம் என்பது பெரிய கேள்வி என்று நான் சொல்வது இதனால்தான். ஷாஃப்ட் சேதத்தை இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இப்போதே மாற்றுவதா, தடைக்காலம் வரை ஓட்டுவதா

நம் மேற்குக் கரைக்குத் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாள். கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை, 52 நாள். குமரியிலேயே சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அந்தப் படகுகளின் வேலை ஏப்ரல் கடைசியிலேயே பட்டறைகளுக்கு வந்துவிடும், ஜூன் முதல் வாரம் நாம் போகும்போது இரண்டு கரை வேலையும் ஒன்றாக நிற்கும். வெளியே மழை வேறு. அதனால் ஜூன் வரை ஓட்டலாம் என்று முடிவு செய்தாலும், அளவெடுத்து பேரிங் வாங்கி வைப்பதை மார்ச்சிலேயே முடித்துவிடுங்கள்.

ஆட்டம் 2 மி.மீ.க்குள், கிளாண்ட் சொட்டு சொட்டாகத்தான் ஒழுகுகிறது, அதிர்வு கூடவில்லை என்றால் தாராளமாக ஜூன் வரை ஓட்டலாம், ஆர்பிஎம்மை நூறு இருநூறு குறைத்துக்கொண்டால் போதும். மாதத்துக்கு மாதம் ஆட்டம் கூடுகிறது என்றால் காத்திருப்பது நட்டம், ஏனென்றால் ஆடுகிற ஷாஃப்ட் கிளாண்டைத் தின்னும், கியர்பாக்ஸின் பின் சீலைத் தின்னும், கடைசியில் கியர்பாக்ஸ் பேரிங்கையே தின்னும். பத்தாயிரத்தில் நிற்க வேண்டியது லட்சத்துக்குப் போகிற வழி அது.

ஒரு நாள் போய் மறுநாள் திரும்புகிற படகுக்கும் இருபது, முப்பது நாள் தங்கலுக்குப் போகிற படகுக்கும் இதில் ஒரே பதில் சொல்ல என்னால் முடியாது. தங்கலுக்குப் போகிறவர்கள் சந்தேகமான புஷ்ஷோடு போகவே வேண்டாம். 2017 நவம்பரில் ஒக்கி புயல் வந்தபோது எங்கள் ஊர்ப் படகுகள் எவ்வளவு தூரத்தில் இருந்தன என்பதும் எத்தனை வீடுகளுக்கு ஆள் திரும்பி வரவில்லை என்பதும் நம் எல்லாருக்கும் தெரியும். காற்று திரும்பும்போது படகு தன் சொந்த பலத்தில் ஓடி வர வேண்டும். அந்த நேரத்தில் ஷாஃப்ட் இறுகினால் உள்ளே இருக்கிற பத்துப் பன்னிரண்டு பேருக்கும் வேறு வழி கிடையாது. இதை வைத்துப் பார்க்கும்போது சீசன் நடுவில் கரையேற்றுகிற செலவு எனக்குப் பெரிதாகத் தெரிவதில்லை.

கொச்சியிலா, ஊரிலா

கொச்சி, முனம்பம் பக்கத்து யார்டுகளில் படகு தூக்கும் வசதி நன்றாக இருக்கிறது, ரப்பர் பேரிங் அளவுகளும் அங்கே கடையில் எளிதாகக் கிடைக்கும். ஆனால் ஆள் தங்கும் செலவு, ஊருக்குப் போய்வரும் செலவு, நீங்கள் அருகில் இல்லாத நாட்களில் நடக்கிற வேலை, இவற்றையும் பார்க்க வேண்டும். ஊர்ப்பக்கம் கொண்டுவந்தால் லேத்காரர் நம் ஷாஃப்டை ஏற்கனவே பார்த்தவர், ராத்திரி வீட்டுக்குப் போய்க் கேட்டாலும் காலையில் கடைந்து தருவார். ஆனால் கொச்சியிலிருந்து இங்கே ஓட்டி வரும் டீசலும் பொழியைக் கடக்கிற ஆபத்தும் கணக்கில் வரும், மழைக்காலத்தில் அந்தப் பொழியை இதற்காக மட்டும் கடக்க வேண்டாம் என்பேன். ஷாஃப்டை மட்டும் வண்டியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்து கடைந்து திரும்பக் கொண்டுபோவது நடுவழி, நாங்கள் இரண்டு முறை அப்படிச் செய்திருக்கிறோம். வண்டியில் ஏற்றும்போது நீளம் முழுக்க மரக்கட்டை தாங்கல் வையுங்கள், இரண்டு முனையில் மட்டும் தாங்கினால் வழியிலேயே வளைந்துவிடும்.

நான் எதைப் போடுவேன்

ஷாஃப்ட் புதிது அல்லது அளவு மாறாதது, பொழி வழியாகப் போய்வருகிற படகு: ரப்பர், யோசனையே வேண்டாம். ஷாஃப்ட் கடைந்தது, இன்னும் மூன்று நான்கு வருடம் ஓட்ட வேண்டும், புது ஷாஃப்டுக்கு இப்போது பணம் இல்லை: நல்ல பிளாஸ்டிக், அளவு அட்டவணையோடு. சீசன் நடுவில் நின்றுவிட்டது, நாளை மறுநாள் கடலுக்குப் போயாக வேண்டும்: கன்மெட்டல், கிரீஸுக்கு ஒரு ஆளை நியமித்து, ஜூனில் கழற்றி மாற்றுவது என்ற முடிவோடு. படகையே அடுத்த வருடம் விற்கப்போகிறவர் கன்மெட்டல் போட்டு, அதை வாங்குகிறவரிடம் சொல்லிவிட்டு விற்கலாம். இரும்பு ஹல் (படகின் உடல்) உள்ள படகாக இருந்தால் பித்தளைக் குழாய்க்குப் பதில் ஃபைபர் குழாயில் வருகிற ரப்பர் பேரிங்கைக் கேளுங்கள், இரும்பும் பித்தளையும் கடல்தண்ணீரில் பக்கத்தில் இருந்தால் இரும்புதான் முதலில் போகும்.

மாட்டும்போது

பேரிங்கை முந்தைய ராத்திரி ஐஸ் பெட்டியில் போட்டு வையுங்கள், நமக்கு ஐஸுக்குக் குறைவில்லை. பித்தளை ஒரு மயிரிழை சுருங்கினாலே டியூபுக்குள் எளிதாகப் போகும். ஃபைபர் டியூபைச் சூடுபடுத்த விடாதீர்கள். சுத்தியலால் நேரடியாக அடிக்காமல் மரக்கட்டை வைத்துத் தள்ளச் சொல்லுங்கள். ரப்பருக்குள் ஷாஃப்டை விடும்போது சோப்புத் தண்ணீர் போதும், கிரீஸ் தடவினால் அது மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடிமான ஸ்க்ரூவுக்குப் பித்தளைக் குழாயில் சின்னப் பள்ளம் மட்டும் போட வேண்டும், ஓட்டை விழுந்து ஸ்க்ரூ நுனி ரப்பரைத் தள்ளினால் அந்த இடத்தில் ஷாஃப்ட் உரசும்.

கப்ளிங் நேர்கோட்டைக் கரையில் வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு போகிற மெக்கானிக்கிடம் பாதிப் பணத்தைப் பிடித்து வையுங்கள். கரையில் கட்டை மேல் உட்கார்ந்திருக்கிற ஹல்லின் வடிவம் வேறு, தண்ணீரில் மிதக்கிற ஹல்லின் வடிவம் வேறு. படகை இறக்கி, டீசல் நிரப்பி, ஒரு நாள் மிதக்க விட்டு, அதற்குப் பிறகு கப்ளிங் போல்ட்டைத் தளர்த்தி நான்கு பக்கமும் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்க வேண்டும். கப்ளிங் விட்டத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும், ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை வித்தியாசம் இருக்கலாம், 5 அங்குலக் கப்ளிங் என்றால் ஆயிரத்தில் ஐந்து. அந்த நான்கு எண்ணையும் தேதியோடு எஞ்சின் அறைப் பலகையில் பெயின்டால் எழுதச் சொல்லிவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள். அடுத்த ஜூனில் புஷ்ஷைக் கழற்றும்போது அந்த எண்கள்தான் முதலில் வேண்டியிருக்கும்.